நூற்றுக்கு ஐந்துக்குக் கீழே

ஜூலை 10, வியாழன்

விடிகாலையில் காற்றும் மழையும். ஐந்தரைக்கு ஓய்ந்தது. குருபோங் ரோட்டில் மரம் சாய்ந்து நான் ஓட்டும் ஃபேக்டரி பஸ் கால் மணி லேட். வாசல் காவலாளி என்னை முறைத்தான். மரத்தை நான் சாய்த்த மாதிரி.

இந்த நோட்டு சாந்தி கொடுத்தது. அவள் சமைக்கும் பள்ளிக் கேன்டீனில் யாரோ விட்டுப் போனது. டாக்டர் சொல்வதை எல்லாம் எழுதி வைக்க வேண்டுமாம். "உங்க மண்டையில எதுவும் தங்காது. முடியே தங்கலை." முப்பது வருஷம் கூட வாழ்ந்த பெண்டாட்டி. பதில் சொல்லிப் பயனில்லை.

பள்ளிக்கூடத்தில் படிவம் மூன்றோடு நின்ற கை. பேனாவைப் பிடித்தால் ஸ்டியரிங்கைப் பிடித்த மாதிரி இறுகிக்கொள்கிறது. பரவாயில்லை. யார் படிக்கப் போகிறார்கள்.

டாக்டர் சொன்னது (தமிழ்ப் பெண், கண்ணாடி, என்னை அங்கிள் என்கிறார்):

– மகள் புவனாவுக்கு இரத்தப் புற்றுநோய். வேகமாக ஏறும் வகை.
– எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில்தான் இரத்தம் உண்டாகிறது. அங்கே கெட்ட அணு நிறைந்துவிட்டது. நூற்றுக்கு 68.
– கீமோ ஏழு நாள். முதல் மூன்று நாள் சிவப்பு மருந்தும் சேர்த்து. இந்த வாரம் திங்கட்கிழமையே ஆரம்பித்தாயிற்று.
– நாலு வாரம் கழித்து இடுப்பெலும்பில் ஊசி போட்டு மறுபடி எண்ணுவார்கள். நூற்றுக்கு ஐந்துக்குக் கீழே வந்திருந்தால் நோய் அடங்கியது என்று பேர். அதற்குப் பிறகும் கீமோ உண்டு. ஆனால் முதலில் அந்த ஐந்து.
– எத்தனை பேருக்கு அப்படி அடங்கும் என்று கேட்டேன். ஒரு நம்பர் சொன்னார். எழுதவில்லை.

புவனாவுக்கு இருபத்தேழு வயசு. (இனிமேல் பு. கை வலிக்கிறது.) ஃபேக்டரியில் சரக்குத் தரம் பார்க்கும் வேலை. ஆறு வருஷமாக என் பஸ்ஸில்தான் போனாள். என் சீட்டுக்குப் பின் சீட். மே மாசம் காலில் நீல நீலமாகத் திட்டு. "படியில இடிச்சிருப்ப" என்றேன். ஜூனில் பல் தேய்த்தால் இரத்தம். "பிரஷ் கெட்டியா இருக்கும்" என்று மெத்தென்று ஒன்று வாங்கிக் கொடுத்தேன். இரண்டு மாசம் நான்தான் அவளுக்கு டாக்டர்.

சிவப்பு மருந்து பார்ப்பதற்குக் கல்யாண வீட்டு ரோஸ் சிரப் தண்ணி நிறம். முதல் நாள் அது ஏறும்போது, ஐஸ் போடவில்லையா என்று மலாயில் நர்ஸிடம் கேட்டாளாம். நர்ஸ் சிரித்து முடிக்க நேரம் ஆனதாம்.

பஸ்: பின் ஏர்கான் ஒழுகுகிறது. சொல்ல வேண்டும்.


ஜூலை 14, திங்கள்

நல்ல வெயில். நேற்றோடு கீமோ முடிந்தது. முடிந்தால் நல்லது என்று நினைத்தேன். இல்லையாம், இனிமேல்தான் கஷ்டமாம். அந்த மருந்து கெட்டதையும் கொல்லும், நல்லதையும் கொல்லும். வெள்ளை அணு அடிமட்டத்துக்கு இறங்கும். கிருமி உள்ளே வந்தால் அடித்துத் துரத்த ஆள் கிடையாது.

கட்டில் தலைமாட்டில் ஒட்டியிருக்கும் பட்டியல், பார்த்து எழுதியது:

பச்சைக் காய், தோல் உரிக்காத பழம் – கூடாது
கடைச் சாப்பாடு – கூடாது
கொதிக்காத தண்ணீர் – கூடாது
தேன், தயிர், ஊறுகாய் – கூடாது
பூ – கூடாது (கோயில் மல்லிகையை நர்ஸ் வாசலிலேயே சாந்தியிடமிருந்து வாங்கிக்கொண்டாள்)
நாட்டு மருந்து – கூடவே கூடாது. அடியில் இரண்டு கோடு.

பிளேட்லெட் 11. இரத்தத்தை உறைய வைக்கும் அணு அது. 150-க்கு மேல் இருக்க வேண்டும்.

பிளேட்லெட். இத்தனை நாளில் எனக்குப் புரிந்த முதல் வார்த்தை.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் எங்கள் தாமான் குடியிருப்பில் வீட்டுக்கு ஒருவர் டெங்கியில் படுத்தோம். எனக்கு பிளேட்லெட் 20. சாந்தி பப்பாளி இலையை இடித்துச் சாறு எடுத்துக் கொடுத்தாள். மூன்றாம் நாள் 60. ஐந்தாம் நாள் பஸ் ஓட்டினேன். அதற்குப் பிறகு பஸ்ஸில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் நான்தான் வைத்தியர். கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே அளவு சொல்வேன்: கொழுந்து ஏழு, தேன் இரண்டு கரண்டி, வெறும் வயிறு. ஒருத்தியும் காசு கொடுத்ததில்லை. ஆனால் எல்லாரும் "சரிண்ணே" என்பார்கள். அந்த "சரிண்ணே"யில் ஒரு ருசி.

இரண்டு கோடு போட்ட வரியை இன்னொரு தடவை படித்தேன். பப்பாளி இலை நாட்டு மருந்தா? இலைதானே.


ஜூலை 15, செவ்வாய்

வார்டிலிருந்து நேராக கோலா சுங்கை பாரு. மோட்டார் பைக்கில் போகும்போது கடல் காற்று முகத்தில் உப்பு. மாரியப்பன் வீட்டுப் பின்னால் ஐந்து பப்பாளி மரம். ஒரே எஸ்டேட்டில் வளர்ந்தோம், இப்போது அவன் மீன் சந்தையில் எடை போடுகிறான்.

"புள்ளைக்கு எத்தனை?"

"பதினொண்ணு."

"உனக்கு இருபது இருந்துச்சு. எந்திரிச்சு பஸ் ஓட்டினியே. அப்புறம் என்னடா யோசனை?"

"ஆஸ்பத்திரியில வேணாங்குறாங்க."

"அவங்க அப்படித்தான்லா சொல்வாங்க. எல்லாரும் இலையைத் தின்னு எந்திரிச்சிட்டா அவங்க எங்க போறது?"

இவன் படிவம் இரண்டு. நான் அவனைவிட ஒரு படிவம் கூட. அந்த ஒரு படிவம் எனக்கு இன்றைக்கு உதவவில்லை.

சாந்தியிடம் சொல்லவில்லை. அவள் ராத்திரி வார்டில் பு.வுடன், காலையில் கேன்டீன், மத்தியானம் வீட்டில் தூக்கம். பன்னிரண்டரை முதல் இரண்டு வரை வார்டில் நான் மட்டும். நல்லதாகப் போயிற்று.


ஜூலை 16, புதன்

காலை டிரிப் முடிந்ததும் இடித்தேன். பத்து மணிக்குச் சமையலறையில் வேறு யாருமில்லை. சாறு கசப்பு, நுரை, கரும்பச்சை. கோழிச்சாறு போத்தலில் ஊற்றி மூடினேன். அந்தப் போத்தல் கறுப்பு. நோயாளிக்குக் கோழிச்சாறு கொண்டு போகாத அப்பன் மலாக்காவில் உண்டா. நர்ஸ் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனாள். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

பு. ஒரு வாய் குடித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இது கோழியா?"

"கோழி தின்ன இலை."

"ப்பா. இதுல பெலாச்சான் வாசம் வருது."

மிளகாயும் இறால் விழுதும் (அதுதான் பெலாச்சான்) போட்டுச் சம்பால் இடிக்கும் கல்லில்தான் இடித்தேன். கழுவித்தான் இடித்தேன்.

"மருந்துன்னா அப்படித்தான் இருக்கும். கண்ணை மூடிட்டுக் குடி."

கண்ணை மூடவில்லை. என்னைப் பார்த்தபடியே முழுசும் குடித்தாள்.


ஜூலை 17, வியாழன். ஆடி முதல் நாள்

பிளேட்லெட் 34. ஒரே நாளில்.

சாயங்கால டிரிப்பில் சொல்லிவிட்டேன். வாயை அடக்க முடியவில்லை. "பதினொண்ணுலேர்ந்து முப்பத்து நாலு. ஆஸ்பத்திரி மருந்துனு நினைக்காதீங்க." பெண்கள் கை தட்டினார்கள். லெட்சுமி அக்கா (லைன் லீடர், பஸ்ஸில் மூத்தவர்) கண்ணைத் துடைத்துக்கொண்டார். பு.வின் சீட்டில் இன்னும் யாரும் உட்காருவதில்லை. பஸ் நிறைந்தாலும் நிற்கிறார்கள்.

இரண்டாவது போத்தலும் குடித்தாள். நான்கு கரண்டி கஞ்சி. அரை கப் மைலோ.

தாமானில் யாரோ வளர்க்கும் பூனை என் மோட்டார் சீட்டில் குட்டி போட்டிருக்கிறது. மூன்று.


ஜூலை 18, வெள்ளி

மேகமூட்டம். மழை இல்லை.

நர்ஸ் இன்று பு.வின் கையில் மஞ்சளாக ஒரு பை ஏற்றிக்கொண்டிருந்தாள். என்ன என்று கேட்டேன். பிளேட்லெட்டாம். யாரோ புண்ணியவான்கள் கொடுத்தது. நேற்று விடிகாலையிலும் ஏற்றினார்களாம்.

ஆக அந்த 34 இலை இல்லை. பை.

பஸ்ஸில் நாற்பது பேரிடம் சொல்லியாகிவிட்டது. இனி எப்படித் திரும்ப வாங்குவது.

மூன்றாவது போத்தல் பாக்கெட்டில் இருந்தது. வீணாகப் போகக் கூடாதே என்று கொடுத்தேன். அதை எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது. பையைக் கண்ணால் பார்த்த பிறகும் கொடுத்தேன். குடித்தாள்.


ஜூலை 19, சனி

பு.வுக்குக் காய்ச்சல். 39.4.

போகும்போதே மூன்று கம்பளிக்குள் உதறிக்கொண்டிருந்தாள். கட்டிலே சத்தம் போட்டது. காலையிலிருந்து வயிற்றுப்போக்காம். டாக்டர் ஓடி வந்தார், நாலு குழாயில் இரத்தம் எடுத்தார்கள்.

"அங்கிள், வெளியில இருந்து ஏதாச்சும் கொடுத்தீங்களா? சாப்பாடு, ஜூஸ், சாமி தண்ணி. எதுனாலும் பரவால்ல, சொல்லுங்க."

"ஒண்ணும் இல்ல டாக்டர்."

நாலாவது போத்தல் அப்போது என் பேண்ட் பாக்கெட்டில்.

பு. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். டாக்டர் அவளிடம் குனிந்து, "நீங்க ஏதாச்சும் சாப்பிட்டீங்களா புவனா?" என்றார்.

"இல்ல டாக்டர்."

பல் கிடுகிடுத்துக்கொண்டிருக்கும்போது எனக்காகப் பொய் சொன்னாள்.

போத்தலை ஆஸ்பத்திரிக் கழிப்பறையில் கொட்டினேன். பச்சையாகப் போனது. இரண்டு தடவை தண்ணீர் இழுத்துவிட்டேன்.


ஜூலை 20, ஞாயிறு

தனி அறைக்கு மாற்றிவிட்டார்கள். மூக்கில் ஆக்சிஜன். கண்ணாடிக் கதவு. ஒருவர்தான் உள்ளே போகலாம். முகமூடி, கவுன், கையுறை. அந்தக் கவுன் என் தொப்பையைச் சுற்றி வரவில்லை. பின்னால் திறந்தபடியே போனேன். வேறு நாளாக இருந்தால் பு. அதைச் சொல்லியே ஒரு வாரம் சிரித்திருப்பாள்.

காய்ச்சல்: 38.9, 39.6, 39.1.

தலையணை முழுக்க முடி. சாந்தி ஒவ்வொன்றாக எடுத்துத் துண்டில் சுற்றி வைக்கிறாள். எதற்கு என்று கேட்கவில்லை.

அவளுக்காக முடிக் காணிக்கை நேர்ந்துகொள்ளலாம் என்று யோசித்தேன். காதோரம் இருப்பதை மட்டும் கொண்டு போனால் சாமி என்னை ஏமாற்றுக்காரன் என்று நினைக்கும். நினைத்தாலும் தப்பில்லை.

டாக்டரைத் தாழ்வாரத்தில் மூன்று தடவை பார்த்தேன். மூன்று தடவையும், "சாப்பிட்டீங்களா டாக்டர்?" என்று கேட்டேன்.


ஜூலை 21, திங்கள்

மழை. காலை டிரிப் முடித்து வீட்டுக்கு வந்தால் சாந்தி தூங்காமல் சமையலறையில் நிற்கிறாள். கேன்டீனுக்குப் போகவில்லை. மேசையில் மூன்று காலிப் போத்தல், நான் கழுவிக் கவிழ்த்தவை. ஒன்றை விளக்குக்கு நேராகப் பிடித்தாள்.

"கோழிச்சாறுக்கு ஏங்க பச்சைக் கறை?"

சொல்லிவிட்டேன். கோலா சுங்கை பாருவிலிருந்து டாக்டரிடம் சொன்ன பொய் வரைக்கும்.

திட்டுவாள், தட்டைத் தூக்கி எறிவாள் என்று நினைத்தேன். உட்கார்ந்தாள். ரொம்ப நேரம் போத்தலின் மூடியைத் திருகித் திருகித் திறந்தாள்.

"நான் ஒரு மல்லிப்பூ கொண்டு போனேன். அதையே வாசல்ல குடுத்துட்டு வந்தேன்."

அப்புறம், "நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா?"

"நானே சொல்றேன்."

போகும்போது பார்த்தேன், இடிகல் வெளியே குப்பைத் தொட்டி பக்கத்தில் இருந்தது. அவள் அம்மா வீட்டிலிருந்து வந்த கல் அது. தனியாக எப்படித் தூக்கினாள்.

டாக்டர் கேட்டது, நான் சொன்னது:

எத்தனை நாள்? – மூணு.
காய்ச்சினதா, பச்சையா? – பச்சை.
எதுல கழுவினீங்க? – பைப் தண்ணி.
எதுல இடிச்சீங்க? – சம்பால் கல்லு.
வேற என்ன சேர்த்தீங்க? – தேன்.

எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். முகத்தில் ஒன்றுமில்லை.

"திட்டுவீங்கன்னு வந்தேன் டாக்டர்."

"திட்ட நேரம் இல்ல அங்கிள். மருந்தை மாத்தணும். சனிக்கிழமையே சொல்லியிருந்தீங்கன்னா…"

அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. போன் வந்து போய்விட்டார். நான் மத்தியானத்திலிருந்து அதை முடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு சிக்னலிலும் ஒவ்வொரு விதமாக.


ஜூலை 22, செவ்வாய்

39.0. 38.8. இரத்த அழுத்தம் இறங்க, மருந்து கொடுத்து மறுபடி ஏற்றினார்கள். பு. பேசவில்லை.

சாந்தி என்னிடம் பேசவில்லை. சோறு போட்டு மூடி வைத்திருந்தாள். எனக்குப் பிடித்த நெத்திலி. அதுதான் இன்னும் கஷ்டம்.

ஏர்கான்காரன் வரவில்லை.


ஜூலை 24, வியாழன்

38.0. மத்தியானம் 37.6. இந்த நம்பரை இரண்டு தடவை எழுதுகிறேன். 37.6.

இரத்தத்தில் கிருமி வளர்ந்து காட்டியதாம். திங்கட்கிழமை மாற்றின மருந்துக்குக் கேட்கிறதாம். டாக்டரிடம் நேராகக் கேட்டுவிட்டேன்.

"என் சாறுதானா டாக்டர்?"

"அப்படின்னு சொல்ல முடியாது அங்கிள். அந்தக் கிருமி எல்லார் குடல்லயும் இருக்கிறதுதான். வெள்ளை அணு இல்லாதப்ப அதுவே இரத்தத்துக்குள்ள வந்துரும். சாறு குடிக்காதவங்களுக்கும் வருது."

"அப்ப சாறு இல்ல."

"இல்லைன்னும் சொல்ல முடியாது."

ஆம் என்றால் படுத்து அழலாம். இல்லை என்றால் எழுந்து நடக்கலாம். இது இரண்டும் இல்லை. மோட்டார் நிறுத்துமிடத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பூனை, குட்டிகளை எங்கேயோ தூக்கிப் போய்விட்டது என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.


ஜூலை 30, புதன்

ஆறு நாளாகக் காய்ச்சல் இல்லை. வெள்ளை அணு மெதுவாக ஏறுகிறது. மறுபடி பழைய வார்டு, பழைய கட்டில். பக்கத்துக் கட்டில் சீன ஆன்ட்டி பு.வுக்கு ஒரு பின்னல் தொப்பி கொடுத்திருக்கிறார். நீலம். அவருக்கும் இதே நோய், இது மூன்றாவது கீமோ. முதல் தடவையில் அடங்கவில்லையாம், இரண்டாவதில்தான் அடங்கியதாம்.

பு. தலையில் ஒரு முடி இல்லை. நானும் தொப்பியைக் கழற்றிப் பக்கத்தில் நின்றேன். நர்ஸ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எனக்கு முளைச்சிரும்" என்றாள் பு. "உங்களுக்கு?"

பதினொரு நாளில் முதல் கிண்டல். சிரித்தேன். பிறகு முகமூடிக்குள் மூக்கு ஒழுகியது.

கொஞ்ச நேரம் கழித்து அவளே ஆரம்பித்தாள்.

"எனக்குத் தெரியும்ப்பா. குடிக்கக் கூடாதுன்னு. அந்தப் பட்டியலை உங்களுக்கு முன்னாடி நான் படிச்சிட்டேன்."

"அப்புறம் ஏம்மா குடிச்ச?"

"அந்தப் போத்தலைப் பாக்கெட்டுல இருந்து எடுக்கும்போது உங்க மூஞ்சி. நோய்னு தெரிஞ்சதுக்கு அப்புறம் அப்படி நம்பிக்கையா ஒரு மூஞ்சியைப் பார்க்கவே இல்ல. வேணாம்னு சொல்ல வாய் வரலை."

கழற்றிய தொப்பியை மறுபடி மாட்டிக்கொண்டேன்.

"கோவமும் இருந்துச்சு. இப்பவும் இருக்கு. அம்மா எல்லாம் சொன்னாங்க. என் ஒடம்புல என்ன போகுதுன்னு நீங்களும் உங்க கூட்டாளியும் பப்பாளி மரத்தடியில பேசி முடிச்சிட்டீங்க. என்னை ஒரு வார்த்தை கேக்கலை."

"கேட்டா வேணாம்னு சொல்லியிருப்ப."

"அதான்."

சரியாகத்தான் சொன்னாள். இது புரியப் படிவம் ஐந்து தேவையில்லை.

இன்றிலிருந்து அவள் வாயில் போவது எல்லாம் இந்த நோட்டின் பின்பக்கத்தில், மணியோடு. டாக்டர் வந்தால் காட்டுகிறேன். இன்றைய பக்கத்துக்கு டாக்டர் ஒரு டிக் போட்டார், பள்ளி வாத்தியார் மாதிரி. என் வாழ்க்கையில் நோட்டில் வாங்கிய டிக் குறைவு.

வீட்டில் சாந்தி, "ரசம் வேணுமா?" என்றாள். வேண்டும் என்றேன். பேச்சு வந்துவிட்டது.


ஆகஸ்ட் 4, திங்கள்

வெயில், காற்றில்லை. இன்றுதான் இடுப்பெலும்பு ஊசி. திரைச்சீலைக்கு வெளியே நின்றேன். உள்ளே டாக்டர் குரல்: "இப்ப கொஞ்சம் இழுக்கும் புவனா, மூச்சை விடுங்க." பு. சத்தமே போடவில்லை. நான்தான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தேன், பக்கத்துக் கட்டில் கம்பி. சீன ஆன்ட்டி என் கையை இரண்டு தட்டு தட்டி எடுத்துவிட்டார்.

நாலைந்து நாளில் தெரியும்.

பஸ்ஸில் எதைப் பார்த்தாலும் ஐந்து. ஐந்தாம் கியர். ஐந்து பேர் நிற்கிறார்கள். நம்பர் பிளேட் எல்லாவற்றையும் கூட்டிப் பார்க்கிறேன். பைத்தியக்காரன்.


ஆகஸ்ட் 6, புதன்

ஒன்றும் வரவில்லை. ஏர்கான்காரன் வந்தான், பார்த்தான், சாமான் இல்லை என்று போனான்.

பு. மீ கோரிங் (பிரட்டின நூடுல்ஸ்) கேட்கிறாள். கடையது கூடாது. சாந்தி வீட்டில் சுடச்சுடப் பிரட்டிக் கொடுத்தனுப்பினாள். 12.50: மீ கோரிங், முக்கால் தட்டு. மிச்சத்தை நான்.


ஆகஸ்ட் 8, வெள்ளி

12.

நூற்றுக்குப் பன்னிரண்டு.

டாக்டர் நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததுமே தெரிந்துவிட்டது. இதுவரைக்கும் நின்றபடிதான் பேசியிருக்கிறார். சாந்தியும் இன்று வேலைக்குப் போகவில்லை, என் பக்கத்தில்.

"நல்லாவே குறைஞ்சிருக்கு. அறுபத்தெட்டுலேர்ந்து பன்னெண்டு. ஆனா போதலை. இன்னொரு தடவை கொடுக்கணும். இதைவிடக் கடுமையான மருந்து."

"நான் கொடுத்ததுனாலயா?" என்றேன்.

"இல்ல அங்கிள். இது அது இல்ல. இதுக்கும் சாறுக்கும் சம்பந்தமே கிடையாது. இந்த வகை அணு முதல் மருந்துக்கு முழுசா அடங்கலை. சில பேருக்கு அப்படித்தான்."

இந்தக் கேள்விக்கு மட்டும் நேரான பதில் கிடைத்தது. கிடைத்தும் ஒன்றும் லேசாகவில்லை.

பு. டாக்டரிடம் ஒரே ஒரு கேள்வி: "எப்ப ஆரம்பிக்கிறீங்க?" திங்கட்கிழமை.

அவர் வெளியே போனதும் பின்னாலேயே போய்க் கேட்டேன். இந்தத் தடவை எத்தனை பேருக்கு அடங்கும்? மறுபடி ஒரு நம்பர். முதல் நம்பரைவிடச் சின்னது. எழுதவில்லை.


ஆகஸ்ட் 9, சனி

ஃபேக்டரிக்கு அரை நாள். இறங்கும்போது லெட்சுமி அக்கா ஒரு பிளாஸ்டிக் பை நீட்டினார். நிறைய இலை, ஈரத் துணியில் சுற்றி.

"துரியான் பெலாண்டா இலை, தம்பி. முள்சீத்தாம்பாங்களே, அது. எங்க மச்சான் பாச்சாங்குல இருந்து பறிச்சிட்டு வந்தாரு. புற்றுக்கு இதுதான் கண்கண்ட மருந்துங்குறாங்க. நீங்கதானே சொன்னீங்க, பப்பாளிக்கே அப்படி ஏறுச்சுன்னு."

நான்தானே சொன்னேன்.

வாங்கிக்கொண்டேன். வேண்டாம் என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. அவர் முகமும் அப்படித்தான் இருந்தது.

பை டிரைவர் சீட்டுக்கு அடியில். ஓட்டும்போது காலில் குளிர்ச்சியாகப் படுகிறது. பன்னிரண்டு. ஐந்து. நடுவில் ஏழு. ஏழு இலை கொதிக்க வைத்தால். கொதிக்க வைத்தால் கிருமி செத்துவிடும் அல்லவா. யோசித்தேன். யோசிக்கவில்லை என்று எழுத மாட்டேன்.


ஆகஸ்ட் 11, திங்கள்

மழை வருவது போல இருந்து வரவில்லை. பன்னிரண்டரை, வார்டு. சாந்தி குழம்பு கொடுத்தனுப்பினாள், இரண்டு தடவை கொதிக்க வைத்தது.

போனதும் முதலில் அதைத்தான் சொன்னேன்.

"ஒரு பை இலை வந்திருக்கும்மா. பஸ்ல இருக்கு. லெட்சுமி அக்கா கொடுத்தது."

"நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"நான் நினைக்கிறதை நிறுத்தி மூணு வாரம் ஆச்சு. நீ சொல்லு."

சிரித்தாள். பிறகு கையை நீட்டி, என் சட்டைப் பையில் மடித்து வைத்திருந்த இந்த நோட்டை எடுத்துக்கொண்டாள்.

"நான் இதைப் படிச்சிட்டேன். நீங்க வெள்ளிக்கிழமை இங்க மறந்துட்டுப் போனீங்க. சனிக்கிழமை காலையில அம்மாகிட்ட குடுத்து அனுப்பினேன்."

எதை எதை எழுதினேன் என்று மனசு பக்கம் பக்கமாக ஓடியது.

"ரெண்டு இடத்துல எழுதலைன்னு எழுதியிருக்கு. டாக்டர் சொன்ன நம்பர்."

"அது வேணாம்மா."

"ப்பா. மறுபடியும் நீங்களே முடிவு பண்றீங்க."

சொன்னேன். முதல் நம்பர், பிறகு இரண்டாவது. எனக்கு எழுதத்தான் தெரியாது என்று நினைத்தேன், சொல்லவும் தெரியவில்லை. இரண்டாவதை மூக்கைச் சிந்திவிட்டுத்தான் சொன்னேன்.

பு. ஜன்னலைப் பார்த்தாள். வெளியே ஒரு வேன் ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தது, டிரைவர் இரண்டு தடவை திருப்பியும் கோட்டுக்குள் நிறுத்த வரவில்லை.

"நான் இதைவிட மோசமா நினைச்சிட்டு இருந்தேன்" என்றாள்.

நிஜமா, எனக்காகவா, தெரியவில்லை. கேட்கவில்லை.

"இலையைத் தூக்கிப் போட்டுருங்க. அக்காகிட்ட என்ன சொல்லுவீங்க?"

"நீ குடிச்சிட்டன்னு சொல்றேன். இல்லைன்னா அக்கா மனசு கஷ்டப்படும்."

"வேணாம். டாக்டர் விடலை, நானும் குடிக்கலைன்னு சொல்லுங்க. பப்பாளியையும் சேர்த்துச் சொல்லுங்க. எல்லாருக்கும் கேக்குற மாதிரி. அன்னிக்கு அப்படித்தானே சொன்னீங்க."

சரி என்றேன். நாளைக் காலை டிரிப்பில். நாற்பது பேர்.

1.10: சோறு அரை தட்டு, குழம்பு, வெந்நீர் ஒரு கப்.

1.45: நர்ஸ் சிவப்பு மருந்தைக் கொண்டு வந்து மாட்டினாள். முதல் நாள் சிரித்த அதே நர்ஸ். மாட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றாள், பு. ஏதாவது சொல்வாள் என்று.

இந்தத் தடவை ஐஸ் கேட்கவில்லை.